பதில் எந்த மொழியில் வருகிறது

ஆயர் ஈத்தாம் பசாரில் காலையில் ஒரு சுற்று வந்தால் நாலு மொழி பேசியாக வேண்டும். மீன்காரரிடம் ஹொக்கியன், நாசி லெமாக் பொட்டலம் கட்டித் தரும் அம்மாளிடம் மலாய், வெற்றிலையும் பூச்சரமும் வைத்திருக்கும் அக்காவிடம் தமிழ், கெக் லோக் சி கோயிலுக்கு வழி கேட்டு வரும் வெளியூர்க்காரர்களிடம் ஆங்கிலம். என் அப்பா நகராண்மைக் கழகத்தில் சடக்கு வேலை பார்த்தவர். ஹொக்கியனை யாரிடமும் பாடம் கேட்டவரில்லை. ஆனால் அந்த மொழியில் விலை பேசுவார், சண்டை பிடிப்பார், சீனர் வீட்டுச் சாவுக்குப் போய் ஆறுதலும் சொல்லிவிட்டு வருவார். பினாங்குத் தீவில் பிறந்த எங்களுக்கு இதெல்லாம் அதிசயமே இல்லை.

என் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் வளர்ந்தார்கள். மகள் 1993-இல் பிறந்தாள், மகன் நான்கு ஆண்டு இளையவன். பண்டார் பாரு ஆயர் ஈத்தாம் என்பது அரசாங்கப் பெயர். ஊரில் ஃபார்லிம் என்றால்தான் தெரியும். அங்கே அடுக்குமாடியில் குடியிருந்தோம். எங்கள் மாடி வரிசையில் தமிழ்க் குடும்பம் எங்களுடையது மட்டும்தான். மாநிலம் முழுதும் சேர்த்தாலும் இந்தியர் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. மலாயும் ஆங்கிலமும் ஹொக்கியனும் பிள்ளைகளைத் தேடித் தாமாக வந்துவிடும். மின்தூக்கியில் வரும், விளையாட்டுத் திடலில் வரும், தொலைக்காட்சியில் வரும். தமிழ் ஒன்றைத்தான் நாங்கள் கொடுத்தாக வேண்டியிருந்தது.

அதை எப்படிக் கொடுப்பது என்பதை நான் முதலில் கற்றுக்கொண்டது தமிழிலிருந்து அல்ல, என் கணவர் வீட்டுத் தெலுங்கிலிருந்து.

அவர் பேராக்கில் பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் பிறந்தவர். அந்த வட்டாரத்தில் தெலுங்குக் குடும்பங்கள் நிறைய. அவருடைய பாட்டியை எல்லாரும் அவ்வா என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வாவுக்குத் தெலுங்குதான் வாய்மொழி. தோட்டத்தில் பொதுமொழி தமிழ். தண்டல் அதட்டுவது தமிழில், கடையில் கணக்கு எழுதுவது தமிழில், பிள்ளைகள் போன பள்ளியும் தமிழ்ப்பள்ளி. ஆகவே என் மாமனார் அவ்வாவிடம் தெலுங்கிலும் மற்றவர்களிடம் தமிழிலும் பேசினார். என் கணவரிடம் அவ்வா தெலுங்கில் கேட்பார். இவர் தமிழில் பதில் சொல்வார். அவ்வாவுக்குத் தமிழ் புரியும். கேட்டது கிடைத்துவிட்டது, பேரன் பதில் சொல்லிவிட்டான், போதும் என்று இருந்துவிட்டார். அந்த வீட்டில் யாரும் தெலுங்கை வெறுத்ததில்லை, இழிவாக நினைத்ததில்லை, பேசாதே என்று தடுத்ததும் இல்லை.

அவ்வா காலமானபோது நான் அந்த வீட்டுக்கு மருமகளாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வயதான பெண்கள் உட்கார்ந்து தெலுங்கில் ஒப்பாரி வைத்தார்கள். அவ்வாவின் பிறப்பு, கப்பலேறி வந்தது, பிள்ளைகளைப் பறிகொடுத்தது எல்லாம் அந்தப் பாட்டில் வந்ததாகப் பிறகு சொன்னார்கள். என் கணவர் சுவரில் சாய்ந்து நின்றபடி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அழுதார். இரவு பேருந்தில் திரும்பும்போது என்னிடம், “என் அவ்வாவ பத்தி என்ன பாடுனாங்கன்னே எனக்கு முழுசா தெரியல” என்றார். என் பிள்ளைகளுக்குத் தெலுங்கு காதிலும் விழுந்ததில்லை. அந்த மொழி எங்கள் குடும்பத்தில் முடிந்துவிட்டது. அதை விழுங்கியது தமிழ் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் தமிழ் தேய்கிறது என்று வருந்துகிறவர்கள், தோட்டங்களில் தமிழுக்குள் கரைந்த தெலுங்கையும் மலையாளத்தையும் ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தலைமுறை பேசியது, அடுத்த தலைமுறை புரிந்துகொண்டு வேறு மொழியில் பதில் சொன்னது, அதற்கடுத்த தலைமுறைக்குப் புரிவதற்கும் ஒன்றுமில்லை. கேள்வியில் மொழி கடைசிவரை இருந்தது. பதிலில்தான் போயிற்று.

இது சிறிய மொழிகளுக்கு மட்டும் வரும் கதி என்று எண்ணியிருப்பேன், பக்கத்து வீட்டு ஆ-மா இல்லையென்றால். ஆ-மா ஹொக்கியன் பாட்டி. பினாங்கில் ஹொக்கியனுக்கு என்ன குறை? தீவின் பசாரே அந்த மொழியில்தான் நடக்கிறது. ஆனால் சீனப்பள்ளியில் பாடமொழி மாண்டரின். பிள்ளை பள்ளியில் பின்தங்கிவிடக் கூடாது என்று ஆ-மாவின் மகனும் மருமகளும் வீட்டிலும் மாண்டரினுக்கு மாறினார்கள். பேரப்பிள்ளைகளிடம் ஆ-மா ஹொக்கியனில் கேட்பார். அவர்கள் மாண்டரினில் பதில் சொல்வார்கள். நாளாக ஆக ஆ-மா கேட்பதே குறைந்தது. மாலையில் வந்து என் அம்மாவோடு வாசலில் உட்கார்ந்து, ஹொக்கியன் கலந்த மலாயில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார். சொந்தப் பேரனோடு பேசியதைவிட என் அம்மாவோடு அவர் பேசியது அதிகம். 2017-இல் சாவ் தியோங் ஹின் என்ற இயக்குநர் முழுக்கப் பினாங்கு ஹொக்கியனிலேயே ஒரு திரைப்படம் எடுத்தார். சீனர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்கள். பேசுவோர் எண்ணிக்கையில் பெரிய மொழிக்கே இந்த நிலை என்றால் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மகளை நான்கு வயதில் வீட்டுக்கு அருகிலிருந்த ஆங்கிலப் பாலர் பள்ளியில் சேர்த்தோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் பாயான் லெப்பாஸில் ஓர் அலுவலகத்தில் கிராணி. ஆண்டு முடிவதற்குள் பிள்ளையின் பதில்கள் ஆங்கிலத்துக்கு மாறின. “பசியாறியாச்சா?” என்று கேட்டால் “ஆல்ரெடி” என்பாள். “என்னம்மா படிச்சுக் குடுத்தாங்க?” என்றால் “நத்திங்.” எனக்கு அவ்வாவின் வீடு கண்முன் வந்து நின்றது. கணவருக்கும்தான். அன்றிரவு அவர் வேறு எதுவும் பேசவில்லை. “இவகிட்டயும் அப்படி ஆயிடக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

ஆங்கிலம் எனக்குப் புரியாததுபோல நடிக்கலாம் என்று தோழி ஒருத்தி யோசனை சொன்னாள். அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால் நான் ஆங்கிலத்தில் பேசுவதை நாள்தோறும் கேட்கிற பிள்ளையிடம் அந்த நடிப்பு எடுபடாது. எடுபட்டாலும் அது எனக்குப் பிடிக்கவில்லை. மொழியைப் பொய்யின் மேல் கட்டி எழுப்பக் கூடாது. அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நானே தமிழில் ஒரு முறை சொல்லி, அதிலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன். “ஐ டோன்ட் வான்ட் திஸ் ஒன்” என்றால், “இது வேணாமா? அப்ப எது வேணும்?” என்பேன். கண்டிப்பு, அதட்டல் எதுவும் இல்லை. தமிழில் பேசு என்று கட்டளையிட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மூடிய வாயில் எந்த மொழியும் வராது.

ஆனால் என்னைவிடப் பெரிய காரியம் செய்தவர் என் அம்மா. அவர் எங்களோடுதான் இருந்தார். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. பேத்தி ஏதாவது ஆங்கிலத்தில் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, “என்ன சாமி சொல்ற? பாட்டிக்கு வெளங்கலயே” என்பார். அதில் நடிப்பில்லை, உள்நோக்கமில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. பேத்திக்கோ பாட்டியிடம் சொல்லியே ஆக வேண்டிய கதைகள் இருந்தன. யார் யாரை அடித்தார்கள், எந்தப் பிள்ளை வகுப்பில் வாந்தி எடுத்தது, ஆசிரியர் எப்படிக் கத்தினார். சொல் கிடைக்காமல் திணறுவாள், கையால் காட்டுவாள், பாட்டி எடுத்துக் கொடுப்பார், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவாள். நான் வேலை முடிந்து வீடு வரும்போது இருவரும் அடுப்படியில் பேசிக்கொண்டிருப்பார்கள். பள்ளியில் நடந்த நீண்ட கதையை என்னிடம் சொல்ல ஆரம்பித்தால், “பாட்டிகிட்ட சொல்லு, நானும் கேக்குறேன்” என்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

பின்னாளில், இருமொழிப் பிள்ளைகளைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தபோது பிரான்சு நாட்டு மொழியறிஞர் ஜூல் ரோன்ழாவைப் பற்றி அறிந்தேன். அவர் மனைவி ஜெர்மானியர். 1908-இல் மகன் லூயி பிறந்ததும் மோரிஸ் கிராமோன் என்ற அறிஞர் சொன்ன வழியைப் பின்பற்றினார்கள்: தந்தை பிரெஞ்சில் மட்டும், தாய் ஜெர்மனில் மட்டும். மகன் இரண்டையும் கலக்காமல் பேசியதை எழுதி 1913-இல் நூலாக வெளியிட்டார் ரோன்ழா. ஒருவருக்கு ஒரு மொழி என்ற அந்த விதி இன்று உலகெங்கும் பெற்றோர்களுக்குச் சொல்லப்படுகிறது. அது நல்ல விதிதான். ஆனால் ஃபார்லிமில் அது எங்களுக்குப் பொருந்தவில்லை. எங்கள் வீட்டில் பெற்றோர் இருவருமே தமிழ்தான் பேசினோம். அப்படியிருந்தும் பிள்ளையின் பதில் நழுவியது. அம்மா தமிழ்தான் பேசுவாள் என்று தெரிந்திருப்பதால் மட்டும் பிள்ளை தமிழில் பதில் சொல்லிவிடாது. தமிழில்லாமல் இந்த ஆளோடு பேச முடியாது, ஆனால் பேசாமல் இருக்கவும் முடியாது என்கிற ஓர் ஆள் அதற்கு வேண்டும். எங்களுக்கு என் அம்மா கிடைத்தார்.

அம்மா பேசியது தோட்டத்துத் தமிழ். சாலைக்குச் சடக்கு என்பார், கிண்ணத்துக்கு மங்கு என்பார், ரப்பருக்குக் கித்தா என்பார். பிள்ளைகளும் அப்படியே பேசினார்கள், போதாததற்கு ஊர் வழக்கப்படி வாக்கியத்தின் வாலில் ஒரு ‘லா’வும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வரும் படித்த உறவினர்களுக்கு அது பொறுக்காது. பிள்ளை ஆவலோடு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தி, அது சடக்கு இல்லை, சாலை என்று திருத்துவார்கள். பிள்ளை திருத்திய சொல்லைச் சொல்லும். ஆனால் சொல்ல வந்த கதையை விட்டுவிடும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பேசுகிற பிள்ளையை நடுவில் நிறுத்தித் திருத்துவது தமிழுக்குச் செய்யும் தொண்டு அல்ல. எழுத்துத் தமிழை ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார். அதற்கு முன் பேச்சு இருக்க வேண்டும்.

அடுத்தது பள்ளி. 1999-இல் எங்கள் குடும்பத்தில் மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பேசாத நாள் இல்லை என்றே சொல்லலாம். கணவரின் அண்ணன் தேசியப் பள்ளிதான் என்று அடித்துச் சொன்னார். “தமிழ்ப்பள்ளியில போட்டா மலாயும் வராது, இங்கிலீஷும் வராது. அப்புறம் புள்ள எங்க போய் வேலை கேக்கும்?” அவர் பேசியது அக்கறையில்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, அதற்குப் பிறகு ரிமூவ் வகுப்பில் ஓராண்டு மலாயோடு போராடி, பாதியில் படிப்பை விட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படி வந்த பள்ளிகள் பலவும் ஒற்றைக் கொட்டகையும் ஓர் ஆசிரியருமாக, பிள்ளைகளைத் தோட்டத்தோடு கட்டிப்போடுவதற்கே உதவின. அந்த அனுபவத்திலிருந்து வரும் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யக் கூடாது.

ஆனால் தமிழ்ப்பள்ளியின் கதை தோட்டத்தில் தொடங்கியதல்ல. 1816-இல் இதே தீவில், பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்கப்பட்டது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அதைத்தான் கொள்கிறோம். 2016-இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கடல் தாண்டிச் செபராங் பிறையில், பழைய தோட்டங்கள் இருந்த பக்கம். தீவில் இருப்பவை சில. ஆயர் ஈத்தாமில் இராஜாஜி தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அரசாங்கப் பாடத்திட்டம்தான், மலாயும் ஆங்கிலமும் முதலாம் ஆண்டிலிருந்தே உண்டு. 2000-இல் மகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தோம்.

நான் எதிர்பார்த்தது எழுத்தும் இலக்கணமும். அவை வந்தன. எதிர்பாராமல் வந்தது தோழிகள். அதுவரை அவளுக்குத் தமிழ் என்றால் பெரியவர்களோடு பேசுவது. இப்போது தமிழில் கோபித்துக்கொண்டாள், தமிழில் இரகசியம் சொன்னாள், தமிழில் கேலி செய்தாள், தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு தமிழில் வம்பளந்தாள். ஒரு நாள் பாலர் பள்ளிக் காலத்துத் தோழி வீட்டுக்கு வந்தபோது ஆங்கிலத்தில் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பி, யாரும் தூண்டாமல், தமிழில் ஏதோ கேட்டாள். வீட்டுமொழி அவளுக்குத் தன் வயதுக்காரர்களின் மொழியாகவும் ஆகியிருந்தது. இதை எந்தப் பெற்றோராலும் வீட்டில் செய்து கொடுக்க முடியாது. தமிழ்ப்பள்ளி வேண்டும் என்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒன்று போதும்.

மகனின் கதை வேறு. அவனும் அதே பள்ளிக்குத்தான் போனான். 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் கொள்கை வந்திருந்தது. ஆகவே தமிழ்ப்பள்ளியில் இருந்தும் அவன் அந்த இரண்டையும் ஆங்கிலத்தில் படித்தான். இரவில் அவன் அப்பா, தான் தோட்டப்பள்ளியில் கற்ற பெருக்கலையும் வகுத்தலையும் தமிழில் விளக்கிக் கொடுப்பார். அந்தக் கொள்கை பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அவனுடைய உயிர் திடலில் இருந்தது. மலாய்ப் பையன்களோடு பந்து விளையாடுவான், அவனுக்கு மகிழ்ச்சியின் மொழி மலாய். வீட்டில் பேச்சே குறைவு. கேட்டால் தலையசைப்பான், அல்லது ஒரு சொல் மலாயில். பாட்டியின் காது மந்தமாகத் தொடங்கிய காலம் அது. அக்காவுக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்கவில்லை.

அவனை மீட்டது உறுமி மேளம். எங்கள் பிள்ளைகளுக்குத் தைப்பூசம் எப்படிப்பட்டது என்று பினாங்குக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர்மலை முருகனை நோக்கி இரவும் பகலும் காவடிகள் போகும். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல். ஒவ்வொரு காவடிக்கும் முன்னால் இளைஞர்கள் உறுமி அடித்துக்கொண்டு பாடிப் போவார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மகன் அப்படி ஒரு குழுவில் சேர வேண்டும் என்று கேட்டான். உறவில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். படிக்கிற பையன் கெட்டுப்போவான், அந்தப் பையன்கள் சரியில்லை என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். பழகும் இடத்தில் இருபது இருபத்தைந்து பையன்கள், எல்லாரும் ஃப்ளாட் வீட்டுப் பிள்ளைகள். மூத்தவன் ஒருவன் தாளத்தை வாயால் சொல்லிக் கொடுத்தான், பாட்டு வரிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தான். அத்தனையும் தமிழ். என் மகன் அங்கே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். அனுப்பினேன். அவன் தமிழ் நூல்களை விரும்பிப் படிக்கிறவனாக ஆகவில்லை, ஆனால் தமிழில் வாயாடுகிறவனாக ஆனான். நம் இளைஞர்களின் உறுமிக் குழுக்களைக் குறைசொல்லி எழுதுகிறவர்கள், தமிழை அவர்களைப்போலத் தெருவில் உரக்க வைத்திருக்கும் வேறு யாரையாவது காட்டட்டும்.

தமிழ் கசிந்து போகும் இடம் ஆறாம் ஆண்டுக்குப் பிறகுதான். தமிழ்ப்பள்ளி அதோடு முடிந்துவிடுகிறது. படிவம் ஒன்றிலிருந்து தேசிய இடைநிலைப் பள்ளி. பாடமொழி மலாய், தோழமை எல்லா இனத்தோடும். அது நல்லதுதான். ஆனால் தமிழ் என்பது பள்ளியில் வகுப்பு இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மகள் சேர்ந்த பள்ளியில் இல்லை. பள்ளிக்குப் போய்க் கேட்டபோது ஆசிரியர் இல்லை, அட்டவணையில் இடமில்லை, யாரும் கேட்கவும் இல்லை என்றார்கள். மூன்றாவது காரணம்தான் என்னை உறுத்தியது. 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்டால்தான். கேட்காதவர்களுக்குச் சட்டம் ஒன்றும் செய்யாது.

வீடு வீடாகப் போனோம். ஃபார்லிம், ஆயர் ஈத்தாம் பழைய கம்பங்கள், பாயா தெருபோங். சிலர் கதவைத் திறந்ததுமே கையெழுத்துப் போட்டார்கள். சிலர் தயங்கினார்கள். “எதுக்குங்க? எஸ்.பி.எம்.ல தமிழுக்கு ஏ எடுக்கறது கஷ்டம். மத்த பாடத்தோட சேர்ந்து ரிசல்ட் கெட்டுப்போயிடும்” என்றார் ஒரு தந்தை. இடைநிலைப் பள்ளியின் இறுதியில் வரும் அந்தத் தேர்வின் ஏக்களை எண்ணித்தான் உதவிச் சம்பளமும் மேற்படிப்பும் கிடைக்கின்றன. அவர் கவலை கற்பனை அல்ல. அவரோடு நான் வாதாடவில்லை. வகுப்பில் உட்காரட்டும், தேர்வை அப்புறம் பார்ப்போம் என்றேன். கையெழுத்துப் போட்டார். வகுப்பு வந்தது. பிற்பகலில், மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, வேறொரு பள்ளியிலிருந்து வரும் ஆசிரியரோடு.

மகள் எஸ்.பி.எம். எழுதியது 2010-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான், தேர்வுக்குப் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அரசாங்கம் வரம்பு வைத்தது. தமிழும் தமிழ் இலக்கியமும் கூடுதல் பாடங்களாக எடுக்கப்படுபவை. வரம்பு வந்தால் முதலில் விழுவது அவைதாம். நாடெங்கும் தமிழ் அமைப்புகளும் ஆசிரியர்களும் குரல் எழுப்பினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பத்தோடு இரண்டு என்று விதி தளர்ந்தது. அந்த இரண்டில் என் மகள் தமிழையும் இலக்கியத்தையும் எழுதினாள். நான்கு ஆண்டுகள் கழித்து மகனின் முறை வந்தபோது, அவனுடைய பள்ளியில் நாங்கள் கேட்கும் முன்பே வகுப்பு இருந்தது. எங்களுக்கு முன் யாரோ சில பெற்றோர் கேட்டிருக்கிறார்கள்.

கைப்பேசிக் காலம் வந்தபோது புதிதாக ஒரு கேள்வி எழுந்தது. முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 1985-இல் முரசு அஞ்சலைக் கணினிக்குக் கொண்டுவந்தவர், பிறகு கைப்பேசிக்குச் செல்லினத்தைக் கொடுத்தவர். அதைப் போட்டுக்கொண்டு நான் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தில் செய்தி அனுப்பினேன். அவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பதில் அனுப்பினார்கள். தமிழாசிரியரான என் நண்பர் இதைக் கேட்டு மிகவும் வருந்தினார். எனக்கும் தமிழ் எழுத்தில் வந்தால்தான் மகிழ்ச்சி. ஆனால் பதில் தமிழில் வருகிறதே. எழுத்து பிறகு வரும், மகளுக்கு வந்தும்விட்டது. மகன் இன்னும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறான்.

என் அம்மா 2012-இல் காலமானார். இன்று மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு மகன். அங்கே தமிழ் ஆட்சிமொழி, பணத்தாளில் தமிழ், ரயில் நிலையத்தில் தமிழ், பள்ளியில் தாய்மொழிப் பாடம். அப்படியிருந்தும் 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு இரண்டரைப் பேர். அதற்குப் பத்தாண்டு முன்பு மூன்றுக்கும் மேல் இருந்தார்கள். பேரனோடு இரவில் காணொளியில் பேசுகிறேன். தமிழில் கேட்கிறேன். அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். “என்ன சாமி, வெளங்கலயே” என்று நான் சொல்ல முடியாது. எனக்கு விளங்குகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

என் அம்மாவுக்கு இருந்த பலம் எனக்கு இல்லை. எங்கள் தலைமுறைப் பாட்டி தாத்தாக்களில் பெரும்பாலோர் ஆங்கிலமோ மலாயோ அறிந்தவர்கள். பேரப்பிள்ளை பதில் சொல்லும் மொழி விளங்காத பாட்டி இன்னும் சில ஆண்டுகளில் எந்த வீட்டிலும் இருக்கமாட்டார். இதுவரை நம் பிள்ளைகளின் தமிழைத் தாங்கியதில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட பாட்டிகள்தான். அந்தத் தூண் நம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. இனி அந்த வேலையை வயதொத்தவர்கள்தான் செய்ய வேண்டும். தமிழ்ப்பள்ளித் தோழிகள், உறுமிக் குழு, இந்து சங்கத்தின் திருமுறை விழாவில் கூடும் பிள்ளைகள், பிற்பகல் தமிழ் வகுப்பில் உட்காரும் பதினைந்து பேர். மகளிடம் நான் சொன்னதும் இதுதான்: உன் மகனுக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்குவதற்கு முன் தமிழ் பேசும் நண்பனைத் தேடு. அவள் தேடிவிட்டாள். அடுத்த கட்டடத்துத் தமிழ்க் குடும்பத்தோடு சனிக்கிழமைகளில் பிள்ளைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் அவன், சனிக்கிழமை விளையாட்டைப் பற்றிய கதையை முதல் முறையாகத் தமிழில் பாதிவரை சொன்னான். நான் எங்கும் திருத்தவில்லை.

மலேசியாவில் இருக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை படிவம் ஒன்றுக்குப் போகும் முதல் வாரத்திலேயே பள்ளி அலுவலகத்துக்குப் போய்த் தமிழ் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்று மாலையே மற்ற தமிழ்ப் பெற்றோர்களைத் தேடிப் புறப்படுங்கள். சட்டம் கேட்பது 15 மாணவர்களின் பெற்றோரை. ஆயர் ஈத்தாமில் எங்களால் சேர்க்க முடிந்தது.